கட்டியார் மனைவிக்குக் கொடுத்த ரத்தம்

கட்டியார் என்று அவனுக்குப் பெயர் வைத்தவர்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள். ரத்த வங்கியில் முப்பது வருஷ வேலை. ஒரு பாட்டில் ரத்தத்தை யாருக்காவது ஏற்றுவதற்கு முன்னால், அந்த ரத்தத்துக்கும் அதை வாங்கப்போகிற உடம்புக்கும் ஒத்துப்போகுமா என்று பார்த்துச் சொல்வது அவன் தொழில். கண்ணாடிக் குழாயில் இரண்டையும் கலப்பான், உடம்புச் சூட்டில் வைப்பான், ஒரு சொட்டு மருந்து விடுவான், சுற்றுகிற மெஷினில் போட்டு எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெல்ல ஆட்டுவான். ரத்தம் கட்டியாக நின்றால் ஆகாது. புகை மாதிரி கலைந்தால் ஆகும். "கட்டி இருக்கா, இல்லையா?" நாள் முழுக்க அவன் வாயில் இந்த ஒரே கேள்விதான். அப்படி வந்த பெயர். கடைசியில் 'யார்' என்று நீட்டியது மரியாதைக்கா கேலிக்கா என்று அவன் விசாரித்ததில்லை. எனக்கு அவன் சித்தப்பா மகன், எட்டு வயசு இளையவன். அதனால் ஊருக்கு அவர், எனக்கு அவன்.

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பொருத்தம் பார்த்துச் சொன்ன இந்த ஆள், கட்டின மனைவிக்கு ஒரு பாட்டில் ரத்தம் கிடைக்காமல் திருதிருவென்று முழித்ததைத்தான் சொல்ல வருகிறேன். முழித்ததற்குக் காரணமும் அவனேதான்.

முதலில் அவன் வித்தையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு மேசையில் கரண்டிகளை வைத்துக்கொண்டு அவன் விளக்கியதுதான் எனக்குத் தெரிந்த படிப்பு.

நம் ரத்தத்தில் எதிர்ப்பொருள் என்று ஒன்று இருக்கிறது. அவன் ஆன்டிபாடி என்பான். அந்நியமாக ஏதாவது உள்ளே வந்துவிட்டால் பிடித்து நிறுத்துவதற்கு உடம்பே செய்துவைத்துக்கொள்கிற புரதம். நீளக் கரண்டி இரண்டை எடுத்து, கீழ்ப்பாதி ஒட்டி நிற்க மேல்பாதி விரிந்திருக்கும்படி பிடிப்பான். கவட்டைக் குச்சி மாதிரி இருக்கும். விரிந்த கை ஒவ்வொன்றோடும் ஒரு சின்னக் கரண்டியைச் சேர்த்து ரப்பர் பேண்ட் போடுவான். நீளம் இரண்டு, குட்டை இரண்டு, ஆக நாலு சங்கிலி.

"இவ்வளவுதாண்ணே ஆன்டிபாடி. கீழ இருக்கிற தண்டு ஒரு வகைக்கு ஒரே மாதிரி. மேல இருக்கிற ரெண்டு நுனியிலதான் சூட்சுமம். ஒரு நுனி ஒரே ஒரு பொருளைத்தான் பிடிக்கும். பூட்டுக்கு ஏத்த சாவி மாதிரி. வேற எது பக்கத்துல வந்து நின்னாலும் திரும்பிக்கூடப் பாக்காது."

"கட்டின கரண்டிய அவுத்து வச்சீங்கன்னா மத்தவங்க சாப்பிடலாம்" என்பாள் அவன் மனைவி.

அவன் காதில் விழாது. பிடித்தபின் என்ன ஆகும் என்பதற்குப் போய்விடுவான். வந்தது விஷமோ வைரஸோ என்றால் அது ஒட்டுகிற இடத்தை மூடிவிடும். அதனால் அப்புறம் ஒரு செல்லிலும் நுழைய முடியாது. கிருமி என்றால் முதுகில் சீட்டு ஒட்டின மாதிரி மேலே நிற்கும். தின்கிற செல்கள் சீட்டைப் பார்த்து வந்து விழுங்கும். தண்டுப்பக்கம் வேறு ஆட்களைக் கூப்பிட்டு, வந்தவன் மேல் ஓட்டை போடச் சொல்லும். இரண்டு கை இருப்பதால் இந்தக் கையில் ஒருவன், அந்தக் கையில் ஒருவன் என்று பிடித்து, எல்லோரையும் ஒரே கட்டியாகக் கோர்த்துப்போடும். இவன் குழாயில் தேடுவது அந்தக் கட்டியை.

ஐந்து வகையாம். அவன் எழுத்துகளைச் சொல்லுவான், எனக்கு நிற்காது. எங்கள் சொந்தக்காரர்களை வைத்து நான் ஞாபகம் வைத்துக்கொண்டேன். முதலில் வருவது பெரிய உருவம், ஐந்து கவட்டைகள் முதுகோடு முதுகு ஒட்டி ஒன்றாகத் திரியும். புதுச் சண்டை என்றால் முதல் ஆளாக வந்து இறங்கி, அமர்க்களம் பண்ணி, சீக்கிரமே கிளம்பிவிடும். எங்கள் பெரியத்தையும் அவள் நாலு மகள்களும் அப்படித்தான். அதற்குப் பின்னால் நிதானமாக வருகிறது ஒன்று, சின்னது, எண்ணிக்கையில் அதிகம், வந்தால் வருஷக்கணக்கில் போகாது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் கொடி வழியாகப் போய்ச் சேருவது இது ஒன்றுதான். என் அம்மாவின் கோபம் இந்த வகை, அவள் பகையாளிப் பட்டியல் இன்னும் எங்களிடம் இருக்கிறது. எச்சில், கண்ணீர், தாய்ப்பால் என்று ஈரமான வாசல்களில் ஜோடியாக நிற்பது வேறொன்று. இன்னொன்று வயிற்றுப்புழுவை விரட்டுவதற்காக ஏற்பட்டது. புழு குறைந்துபோனதும் வேலையில்லாமல், தூசிக்கும் பூ மகரந்தத்துக்கும் தும்மலையும் அரிப்பையும் கிளப்பிக்கொண்டு திரிகிறது. இது யார் என்று நான் சொல்லாமலே என் சின்ன மாமாவுக்குப் புரிந்து இரண்டு மாதம் வீட்டுக்கு வரவில்லை. ஐந்தாவது வகை செல்லின் மேல் உட்கார்ந்திருக்கும். அது என்னதான் செய்கிறது என்று படித்தவர்களுக்கே இன்னும் முழுதாகத் தெரியாதாம். எங்கள் மூத்த சித்தப்பா, அதாவது இவனைப் பெற்றவர், எல்லா விசேஷத்திலும் முதல் வரிசை நாற்காலியில் இருப்பார்.

இதையெல்லாம் விட முக்கியம் ஞாபகம். ஒரு பொருளை உடம்பு முதல் தடவை பார்க்கும்போது தடுமாறும். பார்த்த பிறகு மறக்காது. அடுத்த தடவை வந்தால், வாசலில் கால் வைக்கும்போதே பிடி. "நம்ம குடும்பம் மாதிரிதாண்ணே" என்பான். அதை அவன் பெருமையாகச் சொன்னான்.

இனி இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய கதை. அவனுக்கு வேலை கிடைத்து இரண்டு வருஷம். மனைவிக்குத் தலைப்பிரசவம், அதே ஆஸ்பத்திரியில். பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஒரு பாட்டில் ஏற்றவேண்டும் என்றார்கள்.

அவளுக்கு ஒரே அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். அந்த ஆஸ்பத்திரியின் லிஃப்டையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சேதி கேட்டதும் கையைக்கூடக் கழுவாமல் மூன்று மாடி ஏறி ஓடிவந்து, ரத்த வங்கி வாசலில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார். "மாப்ளை, எனக்கும் அவ குரூப்புதான். எடுங்க."

கட்டியார் அப்போது கட்டியார் ஆகவில்லை. புது வேலை, புது வெள்ளைக்கோட்டு, புதுத் தகப்பன். எங்கள் பெரியத்தை, என் மனைவி, நர்சுகள், வராந்தாவில் காத்திருந்த முன்பின் தெரியாதவர்கள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"கிரீஸ் கையோட இங்க நிக்காதீங்க மச்சான். அவளுக்கு நான் இருக்கேன். உங்க ரத்தத்த வச்சு உங்க லிஃப்டுக்கு எண்ணெய் போடுங்க."

பெரியத்தை சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. மச்சான் சுருட்டின கையை இறக்கி, பித்தானைப் போட்டுக்கொண்டு, படியில் இறங்கிப் போனார். இவன் தன் ரத்தத்தைத் தானே எடுக்கச் சொல்லிக் கொடுத்தான். சோதித்தார்கள், கட்டி இல்லை. ஏற்றினார்கள். அவள் பிழைத்தாள்.

அன்றிலிருந்து மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சு கிடையாது. அவள் மட்டும் ஞாயிறுதோறும் அண்ணனுக்குப் போன் செய்வாள். இவன் அந்த நேரம் பார்த்துக் குளிக்கப் போவான். மச்சான் பராமரிக்கிற லிஃப்டில் கால் வைப்பதில்லை என்று ஒரு சபதம் வேறு. ரத்த வங்கி மூன்றாம் மாடி. அறுபத்தாறு படி. காலையில் ஏறி, சாப்பாட்டுக்கு இறங்கி, மறுபடி ஏறி, சாயங்காலம் இறங்கி, இருபத்தெட்டு வருஷம். மச்சானுக்கு இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. முட்டி தேய்ந்தது இவனுக்கு.

வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு பல்லவி உண்டு. மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். இவன் அவளைக் கண்ணால் காட்டி, "இவ உடம்புல ஓடுறது என் ரத்தம்" என்பான். பெண் பார்க்க வந்தவர்களிடம், காஸ் அடுப்பு பழுதுபார்க்க வந்தவனிடம், எல்லோரிடமும் சொன்னான். அவளும் முதல் பத்து வருஷம் வெட்கப்பட்டாள். அடுத்த பத்து வருஷம் "ஆமா ஆமா" என்றாள். அப்புறம் தண்ணீரை வைத்துவிட்டு நிற்காமல் போய்விடுவாள்.

தலைப்பிரசவம் முடிந்து மூன்றாம் வருஷம் இரண்டாவது பெண் பிறந்தாள். பிறந்த அன்றே குழந்தை மஞ்சளாகிவிட்டது. கண்ணைக் கட்டி நீல விளக்கின் அடியில் பதினோரு நாள் படுக்கப்போட்டார்கள். பிழைத்ததே பெரிது. குழந்தைகளுக்கு மஞ்சள் வருவது சகஜம் என்று இவன் எல்லோருக்கும் தைரியம் சொன்னான்.

அதற்கு அடுத்த வருஷம் ரத்த வங்கி ஊழியர்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த டாக்டர் கரும்பலகையில் ஒரு கவட்டை வரைந்தார். அப்புறம் சொன்னார்: பிள்ளை பெறுகிற வயதில் இருக்கும் பெண்ணுக்குக் கணவன் ரத்தத்தை ஏற்றக்கூடாது. குரூப் ஒத்துப்போனாலும் சிவப்பு அணுவின் மேல் வேறு எத்தனையோ சின்னச் சின்ன அடையாளங்கள் உண்டு. அவளிடம் இல்லாத அடையாளம் அவனிடம் இருந்தால் அவள் உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் செய்துவைத்துக்கொள்ளும். முதல் தடவை ஒன்றும் தெரியாது. அடுத்த பிள்ளை தகப்பனின் அடையாளத்தோடு வயிற்றில் வரும்போது, அந்தச் சின்ன வகை கொடி வழியாகப் போய்ப் பிள்ளையின் ரத்தத்தை உடைக்கும். பிள்ளை மஞ்சளாகப் பிறக்கும்.

இவன் அதற்குமேல் குறிப்பு எழுதவில்லை. பக்கத்தில் இருந்தவர் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்றானாம்.

மறுநாள் ரத்த வங்கி ஜன்னலுக்கு மேலே இவன் கையெழுத்தில் ஒரு அட்டை தொங்கியது: 'கணவரின் ரத்தம் மனைவிக்கு ஏற்றப்பட மாட்டாது.' நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருகிற இளம் கணவர்களை இவன் திருப்பி அனுப்புகிற அழகைப் பார்க்க நர்சுகள் கூடுவார்களாம். "நீங்க அவங்களுக்கு உசுரையே குடுங்க சார், வேண்டாம்னு சொல்லல. ரத்தம் மட்டும் குடுக்காதீங்க." இப்படி ஆயிரம் பேரையாவது அனுப்பியிருப்பான். வீட்டில் பல்லவி மட்டும் மாறவில்லை. இவ உடம்புல ஓடுறது என் ரத்தம். போட்ட ரத்தம் நாலு மாதத்துக்குமேல் யார் உடம்பிலும் இருக்காது என்பது வங்கியில் தரையைத் துடைக்கிற அம்மாளுக்கே தெரியும். தெரிந்ததை ஒப்புக்கொண்டால் மச்சானைத் துரத்தியதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். அதற்குப் படி ஏறுவதே மேல் என்று இருந்துவிட்டான்.

இந்த வருஷம் அவளுக்கு ஐம்பத்தொரு வயசு. கர்ப்பப்பையில் கட்டிகள். மாதக்கணக்கில் ரத்தம் போயிருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் துணி உலர்த்தும்போது கொடியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் பார்த்தால் இருக்கவேண்டிய ரத்தத்தில் பாதிகூட இல்லை. கர்ப்பப்பையை எடுத்தே ஆகவேண்டும். அதற்கு முன்னால் ஒரு பாட்டிலாவது ஏற்றாமல் கத்தியைத் தொடமாட்டேன் என்றார் டாக்டரம்மா.

"அதுக்கென்ன டாக்டர், மேல என் வங்கிதானே" என்று கட்டியார் அறுபத்தாறு படியும் ஒரே மூச்சில் ஏறினான்.

அவள் குரூப்பில் முப்பத்தெட்டு பாட்டில் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தான். முதல் பாட்டில் கட்டி. இரண்டாவது கட்டி. பத்து ஆனதும் குழாயை மாற்றினான். இருபது ஆனதும் மருந்து பழசோ என்று புதிதாக உடைத்தான். கூட வேலை பார்க்கிற சின்னப் பெண், படிப்பு முடித்து வந்து ஒரு வருஷம் ஆனவள், "சார், அம்மாவுக்கு ரெண்டு அடையாளத்துக்கு ஆன்டிபாடி இருக்குது போல. அந்த ரெண்டும் இல்லாத பாட்டில் நூத்துக்கு ஒண்ணு கிடைச்சாலே அதிர்ஷ்டம்" என்றாள். முப்பத்தெட்டும் கட்டி. மற்ற வங்கிகளுக்குப் போன் போட்டான். தேடிச் சொல்கிறோம் என்றார்கள். மகள்கள் இருவரும் கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள். இருவரிடமும் அப்பாவின் அடையாளங்கள் அச்சாக இருந்தன. கட்டி, கட்டி.

அந்தப் பெண் டீ குடிக்கப் போனபோது இவன் கதவைச் சாத்திக்கொண்டு தன் விரலைக் குத்தி, தன் ரத்தத்தை மனைவி ரத்தத்தின் தெளிநீரோடு சேர்த்தான். ஆட்டிப் பார்த்தான். கலையவே இல்லை. மணி மாதிரி ஒரே கட்டி, சுற்றிலும் கண்ணாடி போல் தெளிந்த நீர். அவர்கள் கணக்கில் அதற்கு நாலு பிளஸ், அதற்குமேல் கிடையாது. "முப்பது வருஷத்துல அப்படி ஒரு அழகான கட்டிய நான் பாத்ததில்லண்ணே" என்று பிற்பாடு என்னிடம் சொன்னான். அதைச் சொல்லும்போதுகூடத் தொழில்காரனின் பெருமை கொஞ்சம் இருந்தது.

சாயங்காலம் டாக்டரம்மா கட்டில் பக்கத்தில் நின்று கேட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"இதுக்கு முன்னாடி ரத்தம் ஏத்தியிருக்காங்களாம்மா?"

"ஏத்தியிருக்காங்க. மொத பிரசவத்துல."

"யாரு குடுத்தது?"

"இவர்தான். இவரு ரத்தம்தான் என் உடம்புல ஓடுது" என்றாள், இருபத்தெட்டு வருஷம் கேட்ட பல்லவியைக் களைத்த குரலில்.

டாக்டரம்மா கட்டியாரைப் பார்த்தார். அட்டை எழுதித் தொங்கவிட்ட ஆள் என்று அவருக்கும் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு எதையோ எழுதினார். அந்த எழுத்தின் சத்தம் பொறுக்காமல் இவனே வாயைத் திறந்தான்.

"ஓடல" என்றான்.

"என்ன ஓடல?"

"என் ரத்தம். அது அப்பவே போயிருச்சு. உன் உடம்பு அத வேண்டாதவன்னு எழுதி வச்சிருச்சு. அதனாலதான் இப்ப எந்த பாட்டிலும் சேரல. சின்னவ மஞ்சளாப் பொறந்ததும் அதனாலதான்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"சின்னவளுக்கு ஒரு வயசு இருக்கும்போது."

"அப்ப இருபத்தஞ்சு வருஷமா, வர்றவன் போறவன்கிட்டல்லாம்…" என்று தொடங்கியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெம்பில்லாத சிரிப்பு, நிற்கவும் இல்லை. "என் உடம்பு உங்கள வேண்டாம்னு வெளிய தள்ளியிருக்குது. அதுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சே."

டாக்டரம்மா இருமிவிட்டு, "கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா? அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டருந்தும் வர்ற அடையாளம், ஒத்துப்போக நாலுல ஒரு வாய்ப்பு இருக்குது" என்றார்.

நான்தான் "ஒரு அண்ணன் இருக்காரு டாக்டர், இந்தக் கட்டடத்துலதான் இருப்பாரு" என்றேன்.

"நாளைக்குள்ள வேணும். இதுக்குமேல தள்ளுனா இதயம் தாங்காது" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போனார்.

கட்டியார் மெல்ல, "நீயே ஒரு போன் பண்ணிரு" என்றான்.

"மாட்டேன்."

"விளையாடாத. உசுரு விஷயம்."

"என் உசுருதான. எனக்குத் தெரியும். தொரத்தினது நீங்க. கூப்பிட வேண்டியதும் நீங்க." கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "கிரீஸ் கைன்னு சொன்னீங்கள்ல. போய் அந்தக் கையப் பிடிச்சு கூட்டிட்டு வாங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் கிளம்பினான்; பின்னாலேயே நானும் போனேன், பாதி வழியில் திரும்பிவிடுவானோ என்று.

தரைத்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்து, குறுக்கே மஞ்சள் சங்கிலி போட்டிருந்தது. பெட்டியை மேல் மாடியில் நிறுத்திவிட்டு, கீழே ஆள் உயரக் குழிக்குள் மச்சான் உட்கார்ந்து பெரிய ஸ்பிரிங் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. கட்டியார் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"மச்சான்."

துணி ஒரு நொடி நின்று, மறுபடி துடைத்தது. "யாரு?"

"நான்தான்."

"இந்த லிஃப்டுல ஏறுறவங்க குரல் எல்லாம் எனக்கு அத்துப்படி. இந்தக் குரல் ஏறுனதில்லையே."

"உங்க தங்கச்சிக்கு ரத்தம் வேணும்."

"ஏன்? அவளுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

"என்னோடது ஆகாது மச்சான். அன்னிக்கும் ஆகாதுதான். எனக்குத்தான் தெரியல."

மச்சான் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "இன்னொரு தடவ சொல்லுங்க. மோட்டார் சத்தத்துல காதுல விழல."

எந்த மோட்டாரும் ஓடவில்லை. கட்டியாருக்கும் அது தெரியும். இருந்தாலும் சொன்னான், உரக்கவே சொன்னான். மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"கையக் குடுங்க, மேல ஏறணும்" என்றார் மச்சான். இவன் கொடுத்தான். ஏறி வந்தபின் பார்த்தால் இருவர் கையிலும் கிரீஸ்.

ரத்தம் கொடுக்கிற ஆளிடம் படிவம் ஒன்றை நிரப்பி வாங்கவேண்டும். சின்னப் பெண் வேறு வேலையில் இருந்தாள். கட்டியாரே பேனாவை எடுத்தான்.

"பேரு?"

"மறந்துட்டீங்களா?"

"ஃபாரம் கேக்குது." எழுதினான். "தொழில்?"

"லிஃப்டுக்கு எண்ணெய் போடுறது."

அதையும் அப்படியே எழுதினான். "வயசு?"

"அம்பத்தெட்டு. அன்னிக்கு முப்பது."

"நோயாளிக்கு உறவு?"

"அண்ணன்."

"இதுக்கு முன்னாடி ரத்தம் குடுத்திருக்கீங்களா?"

"குடுக்க வந்தேன். வாங்கல" என்றார் மச்சான். சட்டைப்பையிலிருந்து மடித்து மடித்து நைந்துபோன ஒரு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். வேறொரு ஆஸ்பத்திரியின் கொடையாளர் அட்டை. "அதுக்கப்புறம் அங்க நாப்பத்தொரு தடவ. எண்ணெய் போடுறதுக்கு ஆகுமா ஆகாதான்னு பாக்கலாமேன்னு போனேன். அவங்க ஒண்ணும் சொல்லல."

கட்டியார் நாற்பத்தொன்று என்று எழுதினான்.

சொந்தக்காரர்களுக்குத் தானே பொருத்தம் பார்க்கக்கூடாது என்று விதி இல்லை. ஆனால் அவன் குழாயைத் தொடவில்லை. சின்னப் பெண் பார்த்தாள். கட்டியார் வெளியே படியில் உட்கார்ந்தான். முப்பது வருஷமாக ஒரு கட்டியைக் கண்டுபிடித்துவிட்டால் முகத்தில் அவ்வளவு திருப்தி வரும். ஒரு உசுரைக் காப்பாத்திட்டேன் என்பான், நிஜம்தான். இன்று கட்டி வேண்டாம், வேண்டாம் என்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். மச்சான் இரண்டு படி தள்ளி உட்கார்ந்து கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தது போதும் என்கிற அளவுக்குத் துடைத்தபிறகும் துடைத்தார்.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. "சார், கட்டி இல்ல."

நம்பவில்லை. உள்ளே போய்க் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ஆட்டினான். ரத்தம் அடியிலிருந்து மெல்ல எழுந்து சிவப்புப் புகையாகப் பரவியது. இன்னொரு தடவை ஆட்டினான். மூன்றாம் தடவை ஆட்டப்போனபோது அந்தப் பெண், "சார், கலைஞ்சதையே கலைக்காதீங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

"இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடியே இத ஒரு தடவ ஆட்டியிருக்கலாம்" என்றார் மச்சான்.

"ஆட்டியிருக்கலாம்" என்றான் இவன்.

எடுத்த ரத்தத்தை உடனே ஏற்றவில்லை. வழக்கமான நோய்ச் சோதனைகளோடு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கதிர்வீச்சு காட்டி வாங்கினார்கள். கூடப்பிறந்தவர் ரத்தத்துக்கு அது கட்டாயமாம். ஏனென்று கேட்டேன். அந்நியன் என்றால் உடம்பு துரத்திவிடும், அண்ணன் என்றால் நம்மவன்தானே என்று ஏமாந்து விட்டுவிடும். அந்த இடைவெளியில் அண்ணனின் வெள்ளை அணுக்கள் வேர்விட்டு வீட்டையே பிடித்துக்கொள்ளுமாம். கதிர் காட்டினால் வேர்விடாது. எங்கள் குடும்பத்தில் சில பாகப்பிரிவினைகளுக்கு முன்னால் இந்த ஏற்பாடு இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் ஏற்றினார்கள். முதல் கால்மணி நேரம்தான் கண்டம். ஒத்துக்கொள்ளாவிட்டால் அதற்குள் குளிரும், முதுகு வலிக்கும். கட்டியார் கடிகாரத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"குளிருதா?"

"இல்ல."

"முதுகு?"

"நீங்க தள்ளி நின்னா காத்து வரும்" என்றாள்.

கால்மணி போனது. அரைமணி போனது. ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் கழித்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். வங்கிகளில் தேடிக் கிடைத்த இன்னொரு பாட்டில் தயாராக இருந்தது, தேவைப்படவில்லை.

வீட்டுக்குப் போகிற அன்று அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து லிஃப்ட் வரைக்கும் தள்ளிவந்தார்கள். மச்சான் பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. அவளும் நாற்காலியும் மச்சானும் நானும் உள்ளே. கட்டியார் வெளியே நின்றுகொண்டு, பழக்கதோஷத்தில் கண்ணைப் படிப்பக்கம் திருப்பினான்.

"ஏறுங்க மாப்ளை. இது யாரு என்னன்னு பாக்காது. மொத்தம் எட்டு பேரு, அவ்வளவுதான் இதோட கணக்கு."

ஏறினான். இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு உள்ளே நின்றவன், சுவரைப் பிடித்துக்கொண்டு நான்கு பக்கமும் பார்த்தான். கண்ணாடி ஒன்று இருந்தது. அதில் நால்வரும் தெரிந்தோம்.

"சத்தமே இல்லையே மச்சான்" என்றான்.

"எண்ணெய் போட்டிருக்குது."

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவனுக்கு வரலாமா என்று தெரியவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுக் கொஞ்சமாகச் சிரித்தான். ஊருக்குச் சொல்லப் புதுப் பல்லவி கிடைத்த தெம்பில், நாற்காலியின் மேல் கையை வைத்து ஆரம்பித்தான்: "இனிமே இவ உடம்புல ஓடுறது எங்க மச்சான் ரத்தம்…"

"அதுவும் நாலு மாசம்தான்" என்றாள் அவள், கதவைப் பார்த்தபடி. "அதுக்குள்ள ரெண்டு பேரும் பேச வேண்டியத எல்லாம் பேசி முடிச்சுக்குங்க. இன்னொரு தடவ என்னால முடியாது."